பூலம்மாள் பாத்தியில் ஏழாவது ஆட்டம்

பங்குனி வெயில் தன் வேலையைக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சிப்பிமுனை உப்பளத்தின் மேற்கு ஓரத்துப் பாத்திக்கு அந்தப் பருவத்தின் முதல் உப்பு வாரப் போன பூலம்மாள், பாத்தி நிறையப் பனிக்கட்டி கிடப்பதைப் பார்த்து, பலகையைக் கீழே வைத்துவிட்டு, முதல் வேலையாகப் பக்கத்துப் பாத்திக்காரன் சிவனணைந்தானைத்தான் கூப்பிட்டாள்.

"ஏலே, ராத்திரி எம் பாத்தியில என்னத்தலே கொட்டுன?"

"எக்கா, நான் எதுக்கு கொட்டுதேன்? எம் பாத்திக்கே தண்ணி பத்தலன்னு கிடக்கேன்."

அவன் காலை வைத்துப் பார்த்தான், வழுக்கி விழுந்தான், விழுந்த இடத்திலிருந்தே "குளுந்துதான்க்கா கிடக்கு" என்றான். வரப்புக்கு வரப்பு இம்மியும் பிசகாமல், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது பாத்தியில் பொருந்திக் கிடந்தது. நடுவில் ஒரு சிவப்புக் கோடு, அதற்கு இருபுறமும் பக்கத்துக்கொன்றாக நீலக் கோடு, அங்கங்கே வட்டங்கள்; பார்க்க வந்த பெண்கள், கோலம் கைவராத யாரோ போட்டுப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள் என்றார்கள். ஓர் ஓரத்தில் பனிக்குள் யாருடைய முன்பல்லோ ஒன்று பத்திரமாக இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்தது, வரப்பு மண் காலைச் சுட்டது, பனி மட்டும் வியர்க்கக்கூட இல்லை.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அதனால் பனிக்கு ஒரு நட்டமும் இல்லை. எங்கள் ஊர் அதை நம்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கவில்லை, அதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தது. மீன்காரர்கள் கடப்பாரையோடு வந்து கட்டி கட்டியாக வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு போனார்கள், அவர்கள் ஏலக்கூடம் போய்ச் சேருமுன் வெட்டிய குழி தானாக மூடிக்கொண்டது. சர்பத் கடை ஒன்று முளைத்தது, அதற்கு எதிரே இன்னொன்று முளைத்தது. உப்பு அதிகாரி வந்து, இது உப்பு இல்லை, என் துறை இல்லை என்றார். மீன்வளத்துக்காரர் வந்து, இதற்குள் மீன் இருந்தால் சொல்லுங்கள் என்றார். பொதுப்பணிக்காரர் வந்து, ஓடினால்தான் தண்ணீர், ஓட ஆரம்பித்ததும் ஆள் அனுப்புங்கள் என்றார். மூவரும் நன்னாரி சர்பத் குடித்துவிட்டு ஒரே ஜீப்பில் போனார்கள். அம்மன் கோயில் பூசாரி, இது மாதா செயலாகத்தான் இருக்கும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பாதிரியாரும் சளைக்காமல், அம்மன் குளிர்ந்திருப்பாள் என்றார்.

பூலம்மாள் மட்டும் வரப்பில் நின்றாள். பலர் பாத்திகளில் கூலிக்கு உப்புச் சுமந்து சுமந்து, உச்சந்தலையில் முடி தேய்ந்த பிறகு அவள் கைக்கு வந்த பாத்தி அது. தை மாதம் முழுக்க அவளும் புருஷன் முக்காண்டியும் இறங்கி மிதித்து, களிமண்ணைக் கல் மாதிரி இறுக்கித் தண்ணீர் விட்ட பாத்தி. எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு: பருவம் முழுக்க உப்பு வாராத பாத்தி, ஐப்பசி மழை விழுந்ததும் வேறு கைக்குப் போய்விடும், காரணம் கேட்பதில்லை, நோயானாலும் சாவானாலும் கேட்பதில்லை, பனிக்கட்டியானால் மட்டும் கேட்பார்களா?

உப்புப் பட்டால் பனி உருகிவிடும் என்று யாரோ சொல்ல, அவள் அடுத்த பாத்தியில் கடன் வாங்கி மூட்டை மூட்டையாகக் கொட்டினாள். பனி அதைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் தடித்தது.

அப்புறம்தான் இரண்டு பேருந்துகள் வந்தன.

ஒன்றிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர்களும் மற்றொன்றிலிருந்து கருப்புச் சட்டைக்காரர்களும் இறங்கினார்கள். கதவு நிலை இடிக்கிற உயரம், தோளில் மட்டை, கழுத்தில் தொங்கும் கத்தி வைத்த செருப்பு, கூடவே விசிலோடு ஒல்லியாக ஒரு நடுவர். வடக்கே, வடக்குக்கும் வடக்கே உள்ள ஒரு நாட்டிலிருந்து வருகிறார்கள். அவர்கள் பேசியது யாருக்கும் புரியாததால், கோவில்பட்டியில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஞானையா சாரைக் கூட்டி வந்தோம். அரைகுறை இங்கிலீஷ் தெரிந்தவர், வாழ்நாள் முழுக்கப் புழுதியில் ஹாக்கி சொல்லிக் கொடுத்தவர், பனியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்.

விசாரித்துச் சொன்னார். ஆட்டம், பனிமேல் வழுக்கிக்கொண்டு ஆடுகிற ஹாக்கி. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பெயர் பனிக்கரடிகள், கருப்புச் சட்டைக்காரர்கள் கடற்காகங்கள்; ஊதியம் வாங்கி ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்கள். கோப்பைக்கான கடைசித் தொடர், ஏழு ஆட்டம், நாலு ஜெயித்தவருக்குக் கோப்பை. மூன்றுக்கு மூன்று என்று நின்றபோது, ஏழாவது ஆட்டத்தன்று அரங்கத்தைத் திறந்தால், ஆடுகளம் இருந்த இடத்தில் வெறும் சிமெண்ட் தரை. எந்தப் பனியில் தொடங்கியதோ அந்தப் பனியில்தான் முடிக்க வேண்டும் என்பது விதி. அதனால் பனி போன வழியை விசாரித்துக்கொண்டே வந்துவிட்டார்கள்.

"முடிச்சதும் இதை எடுத்துட்டுப் போயிருவாங்களா சார்?" என்றாள் பூலம்மாள்.

ஞானையா சார் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எடுத்துட்டுப் போக வேண்டியதில்லையாம் தாயி. கோப்பை யாருக்குன்னு தெரிஞ்சதும் இதுக்கு இங்க வேலை இல்ல, கரைஞ்சிரும்ங்காங்க. போட்டி இருக்கிற வரைக்கும்தான் பனி பனியா நிக்குமாம்."

"அப்ப இன்னைக்கே ஆடச் சொல்லுங்க."

ஊர் அதற்குள் வேறு வேலையில் இறங்கியிருந்தது. தூரதேசத்திலிருந்து வந்தவர்கள் நாதியில்லாமல் ஆடக் கூடாது என்று, வடக்குத் தெரு கரடிகளைச் சம்பந்தியாக எடுத்துக்கொண்டது, தெற்குத் தெரு காகங்களை. பூலம்மாள் வாழ்க்கைப்பட்டது தெற்குத் தெருவில், எனவே முக்காண்டி கருப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டான். தப்பாட்டம் ஆடியவனை இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைக்க, களத்தை ஒட்டிக் கட்சிக்கு ஒன்றாக இரண்டு கூண்டு கட்ட வேண்டும் என்றார் ஞானையா சார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டு பந்தி வைத்த பாவம் இந்த ஊருக்கு முன்னமே போதுமான அளவு உண்டு, புதிதாக எதற்கு என்று, எல்லாருக்கும் பொதுவாக ஒரே நீளக் கூண்டாகக் கட்டிவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ரப்பர் வட்டு ஒன்றைக் கட்சிக்கு ஆறு பேராகத் துரத்தினார்கள், காற்றைக் கிழித்துக்கொண்டு போனார்கள், ஒருவர்மேல் ஒருவர் மாட்டுவண்டி மோதுகிற மாதிரி மோதினார்கள், எழுந்து சிரித்தார்கள். நேரம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. இனி ஒரு கோல், யார் போட்டாலும் அதோடு சரி, எவ்வளவு நேரமானாலும் சரி என்றார் நடுவர். பூலம்மாள் வரப்பில் உட்கார்ந்து, எந்தக் கட்சியானால் எனக்கென்ன, ஒன்று விழட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கரடிகளில் ஒருவன் காகங்களில் ஒருவன் காலை மட்டையால் தட்டிவிட்டான், விழுந்தவன் எழுந்து இவன் மூக்கில் குத்தினான், இருவரையும் கூண்டுக்கு அனுப்பினார் நடுவர். அவ்வளவு பெரிய ஆட்கள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வேர்த்து வடிய, எல்லாரும் பார்க்க உட்கார்ந்திருந்ததை வடக்குத் தெருக் கோமதியால் தாங்க முடியவில்லை.

"சவத்தெளவு, உக்கார வச்சுட்டு ஒரு வாய் சோறு போடலேன்னா என்ன ஊரு இது?"

இலை போட்டாள். சோறு வந்தது, சாளை மீன் குழம்பு வந்தது. இரண்டு நிமிஷம் முடிந்து விசில் அடித்ததும் கரடிக்காரன் எழுந்தான். கோமதி அவன் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. பக்கத்துல உள்ளவரு இப்பத்தான் சோத்துல கை வச்சிருக்காரு. பந்தியில ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில இன்னொருத்தர் எந்திரிச்சா அவருக்கு மரியாதையா?"

ஞானையா சார் மொழிபெயர்த்தார். வடக்கத்தி ஆட்கள் என்றாலும் மரியாதை தெரிந்தவர்கள். அவன் தன் மூக்கில் குத்தியவனைத் திரும்பிப் பார்த்தான், தலையசைத்தான், உட்கார்ந்தான். அவன் சாப்பிட்டு முடிக்குமுன், ஆள் குறைந்த அவசரத்தில் இன்னும் இரண்டு பேர் தப்பாட்டம் ஆடிக் கூண்டுக்கு வந்தார்கள், அவர்களுக்கு இலை விழுந்தது. குழம்பு வாசனை களம் முழுக்கப் பரவியதும், ஆள் பக்கத்தில் இல்லாமலே காலைத் தட்டிவிடுகிற ஆட்டம் தொடங்கியது. மாற்றாட்டக்காரர்களும் வந்தார்கள், மாற்றாட்டக்காரர்களுக்கு மாற்றானவர்களும் வந்தார்கள். வடக்குத் தெரு இறால் வைத்ததும் தெற்குத் தெரு நண்டு வைத்தது. தெற்குத் தெரு பாயசம் ஊற்றினால் அதோடு பந்தி முடிந்துவிடக் கூடாது என்று வடக்குத் தெரு கருப்பட்டிப் பணியாரம் சுட்டது. எந்தத் தெருவும் அடுத்த தெருவின் பண்டத்தோடு பந்தி முடிய விடாததால் பந்தி முடியவில்லை. இலையில் கை காயக் காயத் தண்ணீர் தெளித்தார்கள். சாய்ந்து தூங்கினார்கள், விழித்தார்கள், அடுத்த கறி வந்தது. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனி, ஆடி போயின, ஆட்டம் முடியாமலே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

களத்தில் மிச்சம் இருந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு முனையிலும் வலை காக்கிற இரண்டு கோல்கீப்பர்கள். ஒருவர் அடிப்பார், வட்டு களம் முழுக்க வழுக்கி வந்து மற்றவர் மட்டையில் முட்டும், அவர் திருப்பி அடிப்பார். ஊர் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. கைக்குழந்தைகள் அது நின்றால் அழுதன.

ஆவணி பிறந்ததும் பூலம்மாள் சமையல் கொட்டகைக்குப் போய்ப் புருஷனைப் பிடித்தாள். அவன் நண்டு உடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கரண்டியைக் கீழ வையும். பந்தி முடியட்டும்."

"ஏளா, ஊரே சந்தோசமா சோறு போடுது. நீ மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுத."

"ஊருக்கு அது விளையாட்டுக் களம். எனக்குப் பாத்தி. ஐப்பசிக்கு முந்தி ஒரு வாட்டியாவது உப்பு வாரலேன்னா என்ன ஆகும்னு உமக்குத் தெரியும்லா?"

"தெரியும். அதுக்காக வடக்குத் தெருக்காரன் பணியாரத்தோட பந்தியை முடிக்கச் சொல்லுதியா? நாளைக்கு நான் எப்படி வெளிய தலைகாட்டுவேன்?"

அவள் அவனோடு பேசுவதை அத்தோடு விட்டாள். கோமதியிடம் போனாள், கோமதியும் அதையேதான் தெருவை மாற்றிச் சொன்னாள். பூலம்மாள் நேரே ஞானையா சாரிடம் வந்தாள்.

"சார், எல்லாரும் தப்பாட்டம் ஆடி உக்காந்துட்டாங்க. இந்த ரெண்டு பேரு மட்டும் ஏன் உக்காரல? இவங்க தப்பே பண்ணலையா?"

"அவங்களும் பண்ணியிருக்காங்க தாயி. ஆனா கோல்கீப்பர் தப்புப் பண்ணா, அவருக்குப் பதிலா வேற ஆள்தான் போயி உக்காரணும். அதுதான் விதி. அவங்க பந்திக்கே வர முடியாது."

"அப்ப இவங்க அஞ்சு மாசமா பட்டினியா?"

"முகமூடியைக் கழட்டக் கூடாதுல்லா. சீவின பனியை நக்கிக்கிட்டு நிக்காங்க."

பூலம்மாளுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக மனசு தெளிந்தது. இந்த ஊரில் இந்த ஆட்டம் முடிய வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள் தன்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். தன் வீட்டுப் பக்கம் இருந்தது கரடிகளின் வலை. அங்கே நின்றவர் பெயர் ஆர்விட். வயசாளி, இதுதான் கடைசிப் பருவம், ஒருமுறைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. பூலம்மாள் வலைக்குப் பின்னால் போய் நின்றாள், ஞானையா சார் நடுவில் நின்று பேசினார்.

"இந்தம்மா உங்க கட்சிக்கு ஆடுறேங்காங்க."

ஆர்விட் வந்த வட்டைத் தடுத்துத் திருப்பி அடித்துவிட்டு ஏதோ கேட்டார்.

"எந்த இடத்துல ஆடுவீங்கன்னு கேக்காரு."

"எம் பாத்திதானே, எந்த இடத்துல நின்னா என்னன்னு சொல்லுங்க."

"சும்மா ஆடக் கூடாதாம், கூலி வாங்கணுமாம். அப்பத்தான் தொழில்முறைன்னு சேத்துக்கிடுவாங்களாம்."

"கூலி வாங்காம நான் என்னைக்கு சார் பாத்தியில எறங்குனேன்?"

நடுவர் அவள் காலைப் பார்த்தார். கத்திச் செருப்பு இல்லாமல் எப்படி என்றார். ஞானையா சார் விதிகளை வரிசையாக ஒப்பித்து, செருப்பு போட்டால் அதன் கத்தி எப்படி இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, செருப்பு போட்டே ஆக வேண்டும் என்று எங்கே சொல்கிறது என்று கேட்டார். நடுவர் யோசித்தார். அவரும் ஊருக்குப் போக வேண்டியவர்தானே. மட்டைக்குப் பதிலாக உப்பு வாரும் பலகையை அவர் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, மட்டையைவிடக் கனம், சரி போ என்று விட்டுவிட்டார்.

பூலம்மாள் வெள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, முழங்கால்வரை தொங்கியதைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, வெறுங்காலோடு பனியில் இறங்கினாள். குளிர் உள்ளங்காலில் ஆணி அடித்தது. அவள் கட்டைவிரலை மடக்கி ஊன்றி, சேற்றில் நடக்கிற மாதிரி நடந்தாள். ஆர்விட் வட்டை மெல்ல அவள் பலகைக்கு உருட்டிவிட்டார்.

தெற்குத் தெருவிலிருந்து கூச்சல் கிளம்பியது. "ஏ முக்காண்டி, உம் பொண்டாட்டி கட்சி மாறிட்டாளே!" முக்காண்டி நண்டுக் கரண்டியோடு ஓடி வந்து வரப்பில் நின்று, "ஏளா, நம்ம தெருவுக்கா கோல் போடப் போற? அடுக்குமா?" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. உப்பை வாருகிறவள் எப்படி ஒரே அழுத்தத்தில், இழுபடாமலும் சிதறாமலும் தள்ளிக்கொண்டு போவாளோ அப்படி வட்டைத் தள்ளிக்கொண்டு முதல் நீலக் கோட்டைத் தாண்டினாள், சிவப்புக் கோட்டைத் தாண்டினாள். கூண்டில் காகங்களின் தலைவன் வாய் நிறையப் பணியாரத்தோடு பாதி எழுந்துவிட்டான்.

"உக்காருங்க," என்றாள் கோமதி, மோர்ச் செம்போடு. கோமதிக்குக் கரடிகள் சம்பந்தி என்பதை இங்கே ஞாபகப்படுத்தத் தேவையில்லை. "இன்னும் மோர் ஊத்தல. உம்ம ஆளுங்களே நாலு பேரு சாப்புடுதாங்க, பாரும்."

அவன் திரும்பிப் பார்த்தான், சாப்பிடத்தான் செய்தார்கள். கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்தான்.

பூலம்மாள் இரண்டாவது நீலக் கோட்டையும் தாண்டி, காகங்களின் கோல்கீப்பருக்கு எட்டடி முன்னால் போய் நின்றாள். நின்றாளே தவிர அடிக்கவில்லை.

அவர் வலையை அடைத்துக்கொண்டு, குனிந்து, கையை விரித்து நின்றார். அவள் பலகையை வட்டின்மேல் சாய்த்துக்கொண்டு நின்றாள். காற்று நின்றது, கரண்டிச் சத்தம் நின்றது. தெற்குத் தெருவில் யாரோ "அடிக்கத் தெரியாம நிக்கா" என்றார்கள். வடக்குத் தெருவில் "அடிளா!" என்று கத்தினார்கள். வலைக்காரரும் கையை அசைத்து அடி என்றார்.

"எனக்கு அவசரமில்ல," என்றாள் பூலம்மாள். "தண்ணி உப்பாகுற வரைக்கும் நின்னு பாத்தவ நான். நீங்க நில்லுங்க."

அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்தது. வெயில் ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புக்கு நகர்ந்தது. அவள் கால் நீலம் பாரித்தது, அவள் மாற்றி ஊன்றவில்லை. உதடு வெடித்தது, நாக்கால் தடவவில்லை. ஐந்து மாதமாகப் பறந்து வருகிற வட்டையே பார்த்துப் பழகிய மனிதருக்கு, அசையாத வட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது தாங்கவில்லை. அது பக்கத்தில் கிடந்தது, ஒரு பாய்ச்சலில் அமுக்கிவிடலாம், அமுக்கினால் விசில், விசில் என்றால் மறுபடி முதலிலிருந்து. அந்தி சாயும் நேரம் அவர் கை தானாக வட்டை நோக்கி நீண்டது. பாய்ந்துவிட்டார்.

அவள் பலகையால் வட்டை ஒரு சாண் வலப்புறம் இழுத்தாள். அவ்வளவுதான். கனமான கவசங்களோடு அவர் முகம் குப்புற வழுக்கி அவளைத் தாண்டிப் போனார். காவல் இல்லாத வலைக்குள், குவியலின் ஓரத்தில் சிதறிய உப்பை ஒதுக்குகிற மாதிரி, அவள் வட்டை ஒதுக்கிவிட்டாள்.

நடுவர் விசிலை ஊதினார், ஊதி ஊதி அழுதார். பரிமாறியவர்கள் செம்பையும் கரண்டியையும் போட்டுவிட்டுக் களத்துக்கு ஓடியதால், பந்தி தானாக எழுந்தது. முக்காண்டி தலையில் கட்டிய கருப்புத் துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான், பிறகு அதையே எடுத்துக்கொண்டு போய்ப் பெண்டாட்டியின் காலைச் சுற்றிக் கட்டினான்.

"ஜெயிச்சுட்டியேளா," என்றான்.

"இன்னும் இல்ல," என்றாள் அவள்.

காலுக்கடியில் பனி பெருமூச்சு விட்டது. கோடுகள் கலங்கின, வட்டங்கள் நெகிழ்ந்தன, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனி தண்ணீராகி, தண்ணீர் வடிகால் வழியாகக் கடலைப் பார்த்து ஓடியது. பொதுப்பணிக்காரருக்கு ஆள் அனுப்ப யாருக்கும் ஞாபகம் இல்லை. கீழே பாத்தி தெரிந்தது. பூலம்மாள் குனிந்து தரையில் விரலை ஊன்றினாள். கை முழங்கைவரை இறங்கியது. அவளும் புருஷனும் தை முழுக்க மிதித்து இறுக்கிய தரை, ஐந்து மாதப் பனியில் ஊறிக் கூழாகிக் கிடந்தது. இந்தத் தரையில் தண்ணீர் விட்டால் மண்ணோடுதான் போகும். இரண்டு பேராக மிதித்து, தண்ணீர் விட்டு, உப்பு விளையக் கார்த்திகை ஆகிவிடும்.

அவள் நிமிர்ந்தாள். ஆட்டம் முடிந்தால் இரு கட்சியும் வரிசையாக நின்று ஒருவர் கையை ஒருவர் குலுக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் மரியாதையாம்; முழங்கால் சேற்றில் கரடிகளும் காகங்களும் எதிரெதிரே வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாத இறாலும் நண்டும் பணியாரமும் தின்று ஒவ்வொருவனும் ஒன்றரை ஆள் கனம் இருந்தான்.

"சார்," என்று கூப்பிட்டாள் பூலம்மாள். "இவங்களைச் செருப்பைக் கழட்டச் சொல்லுங்க. குலுக்குன கையை விட வேண்டாம்னு சொல்லுங்க. அப்படியே கோத்துக்கிட்டு, ரெண்டு வரிசையும் ஒண்ணா, வடக்கு வரப்புல இருந்து தெக்கு வரப்புக்கு, குதிங்காலை அழுத்தி மிதிச்சுக்கிட்டே வரச் சொல்லுங்க. ஒரு இடம் விடக் கூடாது."

"விருந்தாளிங்க தாயி..."

"சோறு போட்டது ஊரு சார். வேலை வாங்குறது நான்."

மிதித்தார்கள். அழுத காகங்களும் சிரித்த கரடிகளும் கை கோத்து, போய்த் திரும்பி, போய்த் திரும்பி, நிலா ஏறும்வரை மிதித்தார்கள். ஞானையா சார் டிரில் வாத்தியார் குரலில் இடம் வலம் சொன்னார், எங்கள் இரண்டு தெருவும் வெட்கப்பட்டு இறங்கி வரிசையின் இரு முனையிலும் சேர்ந்துகொண்டன. நடுவில் ஆர்விட் முகமூடியைக் கழற்றிவிட்டு, கோமதி ஊட்டிய சோற்றை மென்றுகொண்டே, பேருந்திலிருந்து வந்த வெள்ளிக் கோப்பையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தார்.

"வரப்புல வைங்க," என்றாள் பூலம்மாள். "பாத்திக்குள்ள வச்சு அச்சு விழ வச்சிராதீங்க."

மிதித்து முடித்ததும் தரையைக் குதிகாலால் உதைத்துப் பார்த்தாள். ணங்கென்றது. இன்னொரு மூலையில் உதைத்தாள், அங்கேயும் அப்படித்தான். கிழக்கே கடலுக்கு மேல் வானத்தைப் பார்த்தாள், இன்னும் மேகம் இல்லை. மடைவாயில் போய்க் குந்தி, அடைத்திருந்த களிமண்ணில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, திரும்பிக் கத்தினாள்:

"எல்லாரும் மேல ஏறுங்க. தண்ணி விடப் போறேன்."